கரையில் நிற்கும் மோட்டாருக்குக் காவல்



குழுக்கடன் வாங்கிச் செய்யும் தொழில்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசி வருகிறோம். கறவை மாடு, கருவாடு, தையல் எல்லாம் பேசியாயிற்று. இந்த முறை கடற்கரைக் கிராமத்துக் குழுக்களுக்காக ஒரு விஷயம். உள்ளூர்ப் பக்கத்துச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வயலில் ஆயில் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

ஃபைபர் போட்டின் அமரத்தில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரைப் பற்றித்தான் சொல்கிறேன். யமஹாவோ சுசுகியோ, எட்டு குதிரைத்திறனோ பத்தோ, இன்றைக்குப் புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. பலருடைய வீட்டில் அதைவிட விலை கூடிய பொருள் வேறு கிடையாது. கழுத்தில் காதில் இருப்பதைக்கூட அடகு வைத்துத்தான் அதை வாங்கியிருப்போம். ஆனால் பத்து கிராம் நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிற நாம், மோட்டாரை ராத்திரி முழுக்க மணலில் நிற்கிற போட்டிலேயே விட்டுவிட்டுத் தூங்குகிறோம். "நம்ம ஊர்ல யாரு எடுப்பா?" என்று கேட்பார்கள். நம்ம ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள்தான். எடுப்பவன் வேறு ஊரிலிருந்து, கடல் வழியாகவோ வண்டியிலோ வருவான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குழு மூலமாகக் கடன் வாங்கி, மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தவணை கட்டிய பிறகு மோட்டார் திருட்டுப் போனால், மீதி 18 தவணை, அதாவது 90,000 ரூபாய், இல்லாத மோட்டாருக்குக் கட்ட வேண்டும். பாட்டில் போட்டுக்கும் இஞ்சினுக்கும் வலைக்கும் வருகிற பங்கு நின்றுபோகும். வீட்டுக்காரர் இன்னொருவர் போட்டில் ஆள் பங்குக்குப் போவார். கடன் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர். நீங்கள் கட்ட முடியாவிட்டால் குழுவில் உள்ள மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டி வரும். அதனால்தான் இதை ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுக்காமல் குழுக் கூட்டத்தில் பேசச் சொல்கிறேன்.

இவ்வளவு சுலபமாக எப்படித் திருடுகிறார்கள்?

சின்ன மோட்டார் போட்டின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு நிற்பது இரண்டே இரண்டு கைத்திருகால். கையாலேயே சுற்றலாம், ஸ்பேனர்கூட வேண்டாம். எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு இரண்டு திருகையும் தளர்த்தினால் மோட்டார் கையோடு வந்துவிடும். எடை ஏறக்குறைய 27 கிலோவிலிருந்து 40 கிலோ வரை. ஒரு மூட்டை சிமெண்டைவிடக் குறைவு. திடமான ஆள் ஒருத்தனே தோளில் தூக்கிப் போய்விடுவான். ஆஃப் செய்வதற்கு இருக்கிற சிவப்புக் கயிற்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கயிறு இல்லாவிட்டால் அங்கேயே ஓட்டத்தான் முடியாது, கழற்றித் தூக்கிப் போகலாம். மோட்டார் உள்ளே பொருத்தப்பட்ட லாங்டெயில் டீசல் இஞ்சினாக இருந்தால் ஆபத்து கொஞ்சம் குறைவு. அதுவும் போல்ட் கழற்றினால் போகக்கூடியதுதான்.

பூட்டுவது

எந்தப் பூட்டையும் உடைக்கலாம். ஆனால் உடைக்க நேரம் ஆகும், சத்தம் கேட்கும், வெட்டுக் கருவி கொண்டுவர வேண்டும். கரையில் இருபது போட் நிற்கும்போது திருடன் பூட்டாத போட்டைத்தான் தேடுவான். அந்தப் போட் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

பல மோட்டார்களில் கைத்திருகின் கைப்பிடி நுனியில் ஓட்டை இருக்கும். இரண்டு ஓட்டையும் சேர்த்துப் பூட்டுப் போடத்தான் அது. ஆனால் அந்தப் பூட்டு வெளியே தொங்கும், சுத்தியலால் தட்டினால் போகும். அதைவிட நல்லது குழாய்ப் பூட்டு. இரண்டு கைப்பிடியையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி படுக்கையாகத் திருப்பி நிறுத்த வேண்டும். நீளவாக்கில் வெட்டு விட்ட கனமான எவர்சில்வர் குழாயை இரண்டின் மேலும் சொருகி, ஓரத்தில் பூட்ட வேண்டும். குழாய் இருக்கும்வரை திருகைச் சுற்ற முடியாது. கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. வெல்டிங் பட்டறையில் சொல்லியும் செய்துகொள்ளலாம், மோட்டாரையே கொண்டுபோய் அளவு காட்டினால் சரியாக வரும். சாதா இரும்புக் குழாய் கேட்காதீர்கள், ஆறு மாதத்தில் துரு தின்றுவிடும்.

மோட்டாரைத் தினமும் கழற்றாதவர்கள், கவ்வியில் கம்பெனிக்காரனே விட்டிருக்கும் ஓட்டை வழியாகப் பின்பலகையில் துளை போட்டு எவர்சில்வர் போல்ட்டால் முடுக்கிவிடலாம். இது திருட்டுக்கு மட்டுமல்ல, அலையில் ஆடித் திருகு தளர்ந்து மோட்டார் கடலில் விழாமல் இருக்கவும் நல்லது. ஒரு எச்சரிக்கை. ஃபைபர் போட்டின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். துளையில் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஊறி மக்கிவிடும். அதனால் துளையைச் சுற்றி சீலண்ட் பூசி, பெரிய வாஷர் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். தெரிந்த மெக்கானிக் இல்லாமல் துளை போட வேண்டாம்.

சங்கிலி போடுவதாக இருந்தால் எதில் கோர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். நான் போகிற ஊர்களில் அடிக்கடி பார்ப்பது, தூக்குகிற பிளாஸ்டிக் கைப்பிடியில் சைக்கிள் சங்கிலியைக் கோர்த்துப் பூட்டியிருப்பது. கைப்பிடி உடைந்தால் சங்கிலி உங்களுக்கு, மோட்டார் அவனுக்கு. கவ்வி இருக்கிற உலோக பிராக்கெட் வழியாகக் கோர்த்து, போட்டோடு போல்ட் போட்டுப் பிணைத்த வளையத்தில் பூட்டுங்கள். சங்கிலிக் கண்ணி கட்டிங் பிளேயரில் அகப்படாத கனமாக இருக்க வேண்டும். மேலே ரப்பர் டியூப் போட்டுவிட்டால் போட்டும் கீறாது.

பூட்டு பித்தளையில் இருக்கட்டும். உப்புக்காற்றில் பூட்டு இறுகிப்போய், அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிற நேரத்தில் திறக்காமல் சண்டை வரும். அடுத்த நாளிலிருந்து பூட்டே போட மாட்டார்கள். எல்லா ஊரிலும் பூட்டுப் பழக்கம் இப்படித்தான் விட்டுப்போகிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவி, சாவித்துளையை சைக்கிள் டியூப் துண்டால் மூடிவிட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். மாற்றுச் சாவி பெண்கள் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

எல்லாவற்றையும்விட நல்ல காவல் மோட்டாரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவதுதான். தினமும் முடியாது, உண்மை. கடலிலிருந்து வந்து களைத்தவரை "இதையும் தூக்கிட்டு வா"ன்னு சொன்னால் கோபம்தான் வரும். ஆனால் புயல் எச்சரிக்கை நாட்களில், வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து கடலுக்குப் போகாத நாட்களில், ஊர்த் திருவிழா, கல்யாணம், சாவு என்று கரை வெறிச்சோடிக் கிடக்கிற நாட்களில் கட்டாயம் கொண்டுவந்துவிட வேண்டும். கரையில் ஆள் இல்லாத ராத்திரி எது என்று நமக்குத் தெரிவதைப் போல அவனுக்கும் தெரியும்.

தூக்கும்போது முதலில் நிமிர்த்திப் பிடித்து உள்ளே நிற்கிற தண்ணீரை வடிய விடுங்கள். தலைப்பக்கம் எப்போதும் விசிறிப் பக்கத்தைவிட மேலேயே இருக்கட்டும். தலை கீழே போனால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போகும். ஒரு மரச்சட்டம் அடித்து நிமிர்த்தி மாட்டி வைப்பது உத்தமம். அடுப்பங்கரையில் மட்டும் வைக்காதீர்கள். கார்புரேட்டரில் மிஞ்சியிருக்கும் பெட்ரோலின் ஆவி தீக்குப் போதும். டேங்க் தனியாக, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வீட்டுத் திண்ணையில் வைத்தாலும் சங்கிலி போட மறக்கக் கூடாது.

எண்ணும் அடையாளமும்

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். பூட்டு போனாலும் மோட்டார் திரும்பி வருவதற்கு வழி இதுதான்.

இன்சூரன்ஸ் மாட்டுக்குக் காதில் வில்லை போட்டிருக்கிறோம். மாடு காணாமல் போனால் வில்லை எண்ணைச் சொல்லுவோம். மோட்டாருக்கும் எண் உண்டு. பின்பலகையைக் கவ்வுகிற பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் அடித்திருக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள். செல்போனில் படம் எடுங்கள். தகட்டில் எழுத்து அழுந்தியிருந்தால், பைக் இன்சூரன்ஸுக்கு சேசிஸ் நம்பர் எடுப்பார்களே, அதே மாதிரி வெள்ளைத்தாளை வைத்து மேலே பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் எட்டு மூன்றாகும், பென்சில் தேய்ப்பில் அந்தத் தவறு வராது. பிறகு அந்த எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் வாங்கி ஐந்து வருஷம் ஆகியும் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

தகட்டைத் திருடன் பிய்த்துப் போட்டுவிடுவான். அதனால் நம் அடையாளம் தனியாக வேண்டும். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறார்களே, அதே மெஷினால் மோட்டாரில் போட்டின் பதிவு எண்ணையோ பெயரின் முதலெழுத்துகளையோ வெட்டிவிடலாம். ஒன்று எல்லாரும் பார்க்கிற இடத்தில், இரண்டு மறைவான இடத்தில். மேல்மூடியைக் கழற்றினால் தெரிகிற உள்பக்கம், பிராக்கெட்டின் பின்பக்கம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். மறைவிடம் எது என்பது வீட்டோடு இருக்கட்டும், டீக்கடையில் பேச வேண்டாம். உளி வைத்து அடிக்கக் கூடாது. அது வார்ப்பு அலுமினியம், விரிசல் விடும். வெட்டிய இடத்தில் பெயிண்ட் போய்விடுவதால் உப்பு அரிக்கும், மேலே நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். மேல்மூடிக்குப் போட்டின் நிறத்தையே அடித்துப் பெரிய எழுத்தில் பதிவு எண் எழுதுவதும் நல்லதுதான். புதுசு மாதிரி பளபளப்பு போய்விடும் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்தப் பளபளப்புக்குத்தான் திருடனும் வருகிறான்.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு மோட்டார்ப் பதிவேடு வைக்கலாம் என்று நினைக்கிறேன். அறுபது பக்க நோட்டு ஒன்று போதும். உரிமையாளர் பெயர், போட்டின் பதிவு எண், மோட்டாரின் கம்பெனி, குதிரைத்திறன், வரிசை எண், வாங்கிய கடை, பில் தேதி, கடன் எண். பென்சில் தேய்ப்பையும் படத்தையும் ஒட்டிவிடுங்கள். கடன் தீர்மானம் எழுதும்போதே மோட்டார் எண்ணையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால் இன்னும் பலம். மீன்வளத்துறை மானியத்தில் வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலும் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த மோட்டாருக்கும், கைமாறி வந்த மோட்டாருக்கும் பல வீடுகளில் பில்லே கிடையாது. அவர்கள்தான் முதலில் பதிய வேண்டும். திருட்டுக்கு முன்பே, தேதியோடு, குழுவினர் கையெழுத்தோடு எழுதப்பட்ட பக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

பாதி விலை மோட்டார்

இது கொஞ்சம் கசப்பான பேச்சு. திருட்டு மோட்டாரை வாங்குவது யார்? பட்டணத்துக்காரன் வாங்கி என்ன செய்வான்? இன்னொரு கடற்கரை ஊரில் நம்மைப் போன்ற ஒரு குடும்பம்தான் வாங்குகிறது. "அவசரத்துக்கு விக்கிறாங்கக்கா, பாதி விலை, பில்லு தொலைஞ்சு போச்சாம்" என்று குழுவில் யாராவது கடன் கேட்டால், ஊக்குநர் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்தப் பாதி விலை மோட்டாருக்கு வேறொரு குழுவில் ஒரு பெண் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம்.

சட்டமும் இதைச் சும்மா விடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னாலும், எண் தகடு பிய்ந்திருக்கிறது, விலை பாதி, பில் இல்லை என்றால் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்பார்கள். மோட்டாரும் போகும், கொடுத்த பணமும் போகும்.

பழைய மோட்டார் வாங்குவது தப்பில்லை. மூல பில்லைக் கேளுங்கள். விற்பவரின் அடையாள அட்டை நகல், எண் குறிப்பிட்ட விற்பனைச் சீட்டு, இரண்டு சாட்சி. தகட்டில் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

திருட்டுப் போய்விட்டால்

அழுது முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். உடைந்த பூட்டையும் அறுந்த சங்கிலியையும் எடுத்துத் தூர எறியாதீர்கள், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். மோட்டாரின் எண்ணையும் படத்தையும் கூட்டமைப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புங்கள். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தார், மோட்டார் மெக்கானிக்குகள், பழைய இரும்புக் கடைக்காரர்கள் வரை சேர வேண்டும். திருட்டு மோட்டார் இன்றோ நாளையோ ஏதோ ஒரு மெக்கானிக் கையில்தான் போய் நிற்கும்.

போலீசுக்கு 100 அல்லது 112. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. போனோடு விடாமல் நேரில் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். "இன்ன தேதி இரவு இத்தனை மணிக்குப் பார்த்தபோது இருந்தது, காலை இத்தனை மணிக்கு இல்லை, இன்ன கம்பெனி, இத்தனை குதிரைத்திறன், இந்த எண், இன்ன இடத்தில் இன்ன அடையாளம்" என்று எழுதினால் போதும். மறைவான அடையாளத்தையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்திப்படாமல் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். "எங்க எல்லை இல்ல"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது, எந்த நிலையத்திலும் பதியலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். தனியாகப் போகாதீர்கள், குழுவில் நாலு பேராகப் போங்கள்.

மோட்டார் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தாலும் வேலை முடியவில்லை. அது வழக்குச் சொத்து. நிலையத்து வெட்டவெளியில் மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே தங்கிய உப்பே அதைக் கொன்றுவிடும். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, வழக்கு முடியும் முன்பே வாங்கிக்கொள்ளலாம். கைப்பற்றிய பொருளைப் படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த மனுவோடு காட்ட வேண்டியவைதான் பில்லும் எண்ணும் பதிவேடும். வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனு உங்கள் பெயரில் போக வேண்டுமானால் பில்லும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். புது மோட்டார் வாங்கும்போதே இதை யோசியுங்கள்.

தவணை விஷயத்தில் ஒளிந்துகொள்ளாதீர்கள். முதல் தகவல் அறிக்கை நகலோடு குழுவிடமும் வங்கியிடமும் போய், தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கேளுங்கள். மூன்று மாதம் கட்டாமல் இருந்துவிட்டுப் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. மீனவர் குழு விபத்துக் காப்பீடு ஆளுக்கு. அதில் மோட்டார் வராது. போட்டுக்கு இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் பிரீமியம் கட்டும் முன்பே, "மோட்டார் மட்டும் தனியாகத் திருட்டுப் போனா பணம் வருமா? பூட்டியிருந்தாதான் வருமா?" என்று கேட்டு, பதிலைப் பாலிசியிலேயே காட்டச் சொல்லுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது.

கரையில் விளக்கு எரியாத ஊர்கள் கிராம சபையில் மனுக் கொடுக்கலாம். முறை வைத்துக் காவல் இருப்பதைப் பஞ்சாயத்தார்தான் முடிவு செய்வார்கள், நாம் கேட்டால்தான் அவர்களும் யோசிப்பார்கள். ஜி.பி.எஸ். கருவி ஒன்றை மோட்டாருக்குள் ஒளித்து வைக்கலாமே என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். வைக்கலாம். அதற்கு சிம் வேண்டும், சார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும், உப்பும் சூடும் தாங்க வேண்டும். இப்போதைக்கு என் ஓட்டு பூட்டுக்கும் பென்சிலுக்கும்தான்.

பதிவேட்டுக்கான மாதிரிப் பக்கத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் தங்கள் குழுவில் எத்தனை மோட்டார் இருக்கிறது, எத்தனைக்கு பில் இருக்கிறது என்ற இரண்டு கணக்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பில் இல்லாதவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.